சிலையில்லாப் பீடம்



கோயிலுக்குச் சென்று வழிபட்டுத் திரும்பும்போது, சந்நிதியில் எரியும் குத்துவிளக்கின் அடித்தட்டைச் சற்றே குனிந்து நோக்குங்கள். அங்கே 'உபயம்' என்று ஒரு சொல் இருக்கும். அதனையடுத்து ஒருவர் பெயரும், அவர்தம் ஊர்ப் பெயரும் வெட்டப்பட்டிருக்கும். சில விளக்குகளில் யாருடைய நலங்கருதி அது அளிக்கப்பட்டது என்பதும் காணப்படும். இக்காலத்தில் குழல் விளக்கின் மீதும் உபயகாரர் பெயரை எழுதிவிடுகிறார்கள். பெயர் பெரிதாகப் பெரிதாக விளக்கின் ஒளி சிறிதாகிவிடுகிறது. அது நிற்க. 'உபயம்' என்ற சொல்லுக்குப் பின்னே ஒரு முழு வாக்கியம் மறைந்து நிற்கிறது. 'இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், இன்னாருடைய நலத்திற்காக, இத்தெய்வத்திற்கு இப்பொருளைப் படைத்தார்' என்பதே அவ்வாக்கியம். எழுவாயும், கொடையேற்கும் தெய்வமும், பொருளும், பயனும் அதில் உண்டு. வினைச்சொல்லை மட்டும் எழுதாமலே விட்டுவிடுகிறோம். படிப்பவர் தாமே அதனை நிரப்பிக்கொள்கிறார்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்களும் இவ்வாறே செய்தார்கள். தெய்வத்திற்கோ, அரசனுக்கோ, ஊருக்கு நன்மை செய்த பெரியாருக்கோ அவர்கள் சிலை எடுத்தபொழுது, அச்சிலை நின்ற கற்பீடத்தின் முகப்பில் நான்கைந்து வரிகள் வெட்டினார்கள். அத்தகைய காணிக்கைக் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இன்று கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை உடைந்தவை. பீடம் இருக்கிறது, அதன்மேல் நின்ற சிலை இல்லை.

சிலை எங்கே போயிற்று? வெண்கலச் சிலையாயின், பிற்காலத்தார் அதனை உருக்கிக் காசாகவும் கருவியாகவும் வார்த்துக்கொண்டனர். சலவைக்கல் சிலையாயின், சூளையில் இட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் பழைய நகரங்களின் இடிபாடுகளுக்கு நடுவே சுண்ணாம்புக் காளவாய்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. உலகம் போற்றிய சிற்பிகளின் கைவண்ணம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் வெள்ளையடிப்பாக முடிந்துபோயிற்று. பீடத்தின் கதை வேறு. அது சதுரமான, உறுதியான ஒரு கல். சுவர் கட்டுகிறவனுக்கு அதைவிடச் சிறந்த பொருள் வேறில்லை. ஆகவே அது கோட்டைச் சுவரிலும், வாயிற்படியிலும், கிணற்றுக் கரையிலும் புகுந்து உயிர் தப்பியது. எழுத்துள்ள பக்கத்தை உள்முகமாக வைத்துக் கட்டிய கொத்தனுக்கு வரலாற்று மாணவர்கள் என்றென்றும் கடமைப்பட்டவர்கள். வெளிமுகமாக வைத்தவன் அதனை மழைக்கும் வெயிலுக்கும் இரையாக்கிவிட்டான்.

சிலை போனபின்னும், பீடத்தின் மேற்பரப்பு சிலவற்றைச் சொல்லும். பாதவடிவில் இரண்டு குழிகள் இருந்து, அவற்றில் ஈயம் ஒட்டியிருந்தால், அங்கே நின்றது வெண்கல உருவம் என்று அறியலாம். வெண்கலப் பாதங்களைக் குழியில் இறக்கி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி நிலைநிறுத்துவது அக்கால வழக்கம். அகன்ற ஒரே பள்ளமாக இருந்தால், அதில் சலவைக்கல் உருவத்தின் அடித்தட்டு பொருந்தியிருந்தது எனலாம். ஒரு காற்குழி முன்னும் மற்றொன்று பின்னும் இருப்பின், உருவம் ஒரு காலை எடுத்துவைத்த நிலையில் நின்றது என்பதும் விளங்கும். முகம் தெரியாத ஒருவரின் நடையை மட்டும் அறிந்துகொள்கிறோம்!

இனி எழுத்துக்கு வருவோம். பண்டைக் கிரேக்கர் கல்லில் பெரும்பாலும் சொற்களுக்கிடையே இடம் விடாமல் தொடர்ச்சியாகவே வெட்டினர். நம் கல்வெட்டுகளும் அப்படியே, அவற்றில் புள்ளியும் இராது. கல் உடைந்திருக்குமானால் வரியின் தலையோ வாலோ போயிருக்கும். மீதியிருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இங்கே இலக்கணம் கைகொடுக்கிறது. வேற்றுமை உருபுகளைப் படிக்கும்போது 'இது எதற்கு ஐயா?' என்று வருந்தாத மாணவரை நான் கண்டதில்லை. அவர்களுக்கு இதோ ஒரு விடை. கிரேக்க மொழியிலும் பெயர்ச்சொல்லின் ஈறு வேற்றுமைக்கேற்ப மாறும். பீடத்தின் உடைந்த மூலையில் ஒரு பெயரின் இறுதி எழுத்துகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன என்று கொள்வோம். அது எழுவாய் ஈறாக இருந்தால், அப்பெயருக்குரியவர் சிலையை எடுத்தவர். நம் 'ஐ' உருபுக்கு ஒப்பான ஈறாக இருந்தால், சிலையில் நின்றவரே அவர்; 'இன்னாரை இவ்வூர் மக்கள் சிறப்பித்தனர்' என்பது அங்கே வாய்பாடு. 'கு' உருபுக்கு ஒப்பானதாக இருந்தால், அது காணிக்கை பெற்ற தெய்வத்தின் பெயர். ஓர் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில், கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நின்றவர் யார் என்ற மூன்றும் இடம் மாறிவிடுகின்றன.

வாய்பாடு தெரிந்திருப்பதால் விடுபட்ட சொற்களையும் ஓரளவு நிரப்பலாம். 'உப' என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் எஞ்சிய விளக்கைக் கண்டால், அடுத்தது 'யம்' என்று நீங்கள் உறுதியாகச் சொல்வீர்கள் அல்லவா? ஆயினும் அடுத்து வரும் பெயர் முத்துசாமியா, முத்தையாவா என்று 'முத்' என்பதைக் கொண்டு சொல்ல முடியாது. ஏதென்ஸ் நகரில் ஒரு காலத்தில் கட்டம் போட்டாற்போல எழுத்துகளை மேலும் கீழும் நேராக நிறுத்தி வெட்டும் முறை இருந்தது. அங்கே போன எழுத்துகள் எத்தனை என்றாவது எண்ணிவிடலாம். எண்ணிக்கை தெரிந்தால் பொருந்தாத பெயர்கள் பலவற்றைக் கழித்துவிடலாம். மற்ற இடங்களில் அந்த வசதியும் இல்லை.

1931ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் கூடிய அறிஞர்கள் ஒரு நல்ல ஒழுங்கை வகுத்தனர். கல்லில் இல்லாமல், பதிப்பிப்பவர் ஊகித்து நிரப்பும் எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் இட வேண்டும். ஐயத்திற்கிடமான எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஊகிக்கவும் இயலாத இடத்தில், எத்தனை எழுத்துகள் போயினவோ அத்தனை புள்ளிகளை மட்டும் இட வேண்டும். அறிஞர்க்கு அறிவைக் காட்டிலும் நாணயம் முதன்மையானது என்பதை இவ்வளவு சிறிய குறிகளால் வெளிப்படுத்திய வேறொரு துறையை நான் அறியேன்.

எழுத்து மறைவதற்கு எப்போதும் காலமே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். உரோமப் பேரரசன் கரகல்லா, கி.பி. 211ஆம் ஆண்டின் இறுதியில் தன் உடன்பிறந்தானும் உடனரசனுமாகிய கேத்தாவைக் கொல்வித்தான். அதன்பின் பேரரசு முழுவதும் கேத்தாவின் பெயர் இருந்த கல்லையெல்லாம் தேடிச் சென்று, அப்பெயரைக் கொத்தியெடுத்தார்கள். இன்று அக்கற்களில் வரிக்கு நடுவே ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது. அப்பள்ளத்தைக் கண்டதும் அறிஞர்கள் 'இங்கே இருந்தது கேத்தா' என்று படிக்கிறார்கள். அழித்தவனே அடையாளம் வைத்துவிட்டான்.

கரகல்லாவைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவன் பெயரைத் தாங்கிய ஒரு கிரேக்கக் காணிக்கைக் கல்வெட்டு, நம் மலை மிளகு சென்று இறங்கிய துறைமுகத்திலேயே கிடைத்திருக்கிறது. எகிப்து நாட்டின் செங்கடற்கரையில் பெரெனிகே என்றொரு பட்டினம் இருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி மன்னன் அதனை நிறுவித் தன் தாயின் பெயரைச் சூட்டினான். போர்க்களத்திற்கு வேண்டிய ஆப்பிரிக்க யானைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்குவதே அத்துறைமுகத்தின் முதல் வேலை. பின்னர் உரோமர் காலத்தில் இந்திய வாணிகம் பெருகியபோது அது செழித்தது. 1818இல் பெல்சோனி என்னும் இத்தாலியர் அதன் இடிபாட்டைக் கண்டார். 1994 முதல் அமெரிக்கரும் ஐரோப்பியரும் சேர்ந்து அங்கே அகழ்ந்து வந்துள்ளனர். அங்குள்ள செராப்பிஸ் கோயில் முற்றத்தில், இந்தியாவில் வனைந்த ஒரு பெருஞ்சாடி தரையில் புதைந்திருந்தது. அதனுள்ளே 7.55 கிலோ கருமிளகு! கி.பி. முதல் நூற்றாண்டில் வைத்த மிளகு அது. தெய்வத்துக்குப் படைக்க வைத்ததோ, விற்க வைத்ததோ, அந்த வணிகன் அதனை எடுக்க வரவில்லை.

அப்பட்டினத்தின் ஒரு சிறு கோயிலில்தான் நான் குறிப்பிட்ட கல்வெட்டு கிடைத்தது. அதில் நாள் குறிக்கப்பட்டுள்ளது. நம் கணக்கில் அது கி.பி. 215 செப்டம்பர் 8ஆம் நாள். கரகல்லாவுக்கும் அவன் தாய் யூலியா தோம்னாவுக்கும் உரிய காணிக்கை அது. படைத்தவன் மார்க்கஸ் ஔரேலியஸ் மொக்கிமோஸ் என்பவன். அப்தாயோஸ் என்பவனுடைய மகன். சிரியா நாட்டுப் பாலைவனப் பட்டினமாகிய பல்மைராவிலிருந்து வந்து, உரோமப் படையில் சேவகம் செய்த வில்வீரன் அவன். அவன் பெயரையே பாருங்கள். முதலிரண்டு சொற்கள் உரோமப் பெயர்கள். மூன்றாவது அவன் ஊர்ப் பெயர்வழக்கு. எழுதிய மொழியோ கிரேக்கம். நின்ற மண் எகிப்து. அரசனின் தம்பி கொலையுண்டு நான்கு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. தாயின் மடியிலேயே அக்கொலை நடந்ததென்று அக்கால வரலாற்றாசிரியர் டியோ எழுதி வைத்திருக்கிறார். அத்தாயையும் மகனையும் சேர்த்து வாழ்த்திக் கல் வெட்டுகிறான், எங்கோ கடற்கரையில் காவல் நின்ற ஒரு சேவகன். அவனுக்கு அந்தச் செய்தி தெரிந்திருந்ததா? கல் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டு சனவரியில் அதே பட்டினத்தின் ஐசிஸ் கோயில் முன்றிலில் ஒரு புத்தர் சிலை கிடைத்தது. உயரம் 71 செண்டிமீட்டர். தலையைச் சுற்றி ஒளிவட்டம். பக்கத்தில் ஒரு தாமரை. கல்லோ மத்தியதரைக் கடற்பகுதியைச் சேர்ந்த சலவைக்கல். அதாவது, இந்தியாவிலிருந்து கொண்டுபோன சிலை அன்று அது. இந்தியத் தெய்வ வடிவை மேற்கத்திய கல்லில் செதுக்கிய சிலை. அக்கோயிலிலிருந்தே வடமொழியும் கிரேக்கமும் பொறித்த ஒரு காணிக்கைக் கல்வெட்டும் வெளிப்பட்டது. 'பிலிப் அரசனின் ஆறாம் ஆண்டில், வசுலன் என்னும் க்ஷத்திரியன், எல்லா உயிர்களின் நலத்திற்காகவும் இவ்வுருவத்தை அளித்தான்' என்பது அதன் கருத்து. அரேபியன் என்று சிறப்பிக்கப்படும் உரோம அரசன் பிலிப் ஆண்டது கி.பி. 244 முதல் 249 வரை. புத்தர் சிலையை இரண்டாம் நூற்றாண்டினது என்கின்றனர். ஆகவே அந்தச் சிலையையும் இந்த எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்து, 'வசுலன் அளித்த புத்தர்' என்று படம் போட்டுவிடக் கூடாது. அங்கே சிலை இருக்கிறது, அதற்குரிய எழுத்து இல்லை. இங்கே எழுத்து இருக்கிறது, அதற்குரிய சிலை இல்லை.

இவ்வாறு எச்சரிக்கும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்பீர்களாயின், தவறு செய்து கற்றவன் என்ற தகுதி உண்டு. அதனை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எகிப்தில் நைல் நதிக்கரையிலுள்ள எட்ஃபு நகரிலிருந்து செங்கடல் நோக்கிச் செல்லும் பாலைவழியில் எல் கனாயிஸ் என்று ஓரிடம் உண்டு. முதலாம் சேத்தி மன்னன் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து அங்கே ஒரு கோயில் அமைத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அவ்வழியே சென்ற கிரேக்கப் படைவீரரும் யானை பிடிப்போரும் பயணிகளும் அதனைப் 'பான்' என்னும் தங்கள் தெய்வத்தின் இடமாகக் கருதி, உயிரோடு மீண்டதற்கு நன்றியாகப் பாறையில் எழுத்துகள் வெட்டினர். நல்வழி காட்டும் பான் என்பது அங்கே அத்தெய்வத்தின் பெயர். வழித்துணையாய் வரும் கடவுளைக் கும்பிட்டுவிட்டு மலையேறும் நம்மவர்க்கு இது புதிதன்று. அக்கல்வெட்டுகளுள் ஒன்றின் பொருள் இது: 'நல்வழி காட்டுபவனும் வேண்டுதலுக்குச் செவிசாய்ப்பவனுமாகிய பானுக்கு, இந்தியனாகிய சோஃபோன், தன் பொருட்டு.' அவ்வளவே. வினைச்சொல் இல்லை. நம் 'உபயம்' போலவே.

இதனை நான் முதன்முதலில் ஒரு நூலில் படித்தபோது அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எகிப்தின் பாலையில் ஓர் இந்தியன்! கடல் வாணிகத்தில் சிறந்த இந்தியர் யார்? தமிழர். ஆகவே சோஃபோன் தமிழன். கொற்கையிலிருந்து முத்தும், நம் மலையிலிருந்து மிளகும் கொண்டுபோன பாண்டிநாட்டு வணிகன். இப்படி நானே கட்டிக்கொண்டு, பல ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்பில் உணர்ச்சியோடு சொல்லிவந்தேன். பிள்ளைகளும் கைதட்டினார்கள். 1990களில் ஒரு நாள், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, 'ஐயா, அவர் கொற்கைக்காரர் என்று அந்தக் கல்லில் எழுதியிருக்கிறதா?' என்று கேட்டாள். 'இல்லை' என்றேன். 'அப்படியானால் நமக்கு எப்படித் தெரியும், ஐயா?' என்றாள். மணி அடித்துவிட்டது. மணி அடித்ததற்காக ஓர் ஆசிரியன் நன்றி செலுத்த வேண்டிய நாள் வரக் கூடாது.

அதன்பின் தேடிப் படித்தேன். படித்ததில் நான் கட்டிய வீடு சுவர் சுவராக விழுந்தது. சோஃபோன் என்பது சுபானு என்ற பெயரின் கிரேக்க உருவாக இருக்கலாம் என்று கருதியவர் உண்டு. அது வடநாட்டுப் பெயர் போல ஒலிக்கிறது. தமிழ்ப் பெயர் அன்று. கிரேக்க மொழியில் 'சோஃபோஸ்' என்றால் அறிவுடையவன். ஆகவே அது வெறும் கிரேக்கப் பெயராகவும் இருக்கக் கூடும். சரி, 'இந்தியன்' என்ற சொல்லாவது உறுதியா? அங்கேயும் ஒரு சிக்கல். கிரேக்கப் படைகளுக்கு யானையை முதலில் பழக்கிக் கொடுத்தவர்கள் இந்தியப் பாகர்கள். ஆதலால் நாளடைவில் 'இந்தியன்' என்ற சொல் யானைப்பாகனுக்கே பெயராகிவிட்டது. கி.மு. 250 அளவில் சிசிலித் தீவில் உரோமர் கார்த்தேசியரை வென்றபோது, பத்து யானைகளை அவற்றின் 'இந்தியர்'களோடு பிடித்தார்கள் என்று பொலிபியஸ் எழுதுகிறார். கார்த்தேசியரின் யானைகள் ஆப்பிரிக்காவில் பிடித்தவை. பாகர்களும் அங்குள்ளவர்களாகவே இருந்திருக்கலாம். பெரெனிகேயில் இறங்கிய யானைகள் நைல் நதிக்குச் சென்ற பாலைவழிகளுள் எல் கனாயிஸ் வழியும் ஒன்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். அப்படியானால் சோஃபோன் யானைப்பாகனா? இந்தியனா? இந்திய யானைப்பாகனா?

ஏழெட்டுச் சொற்கள்; அவற்றுள் ஒன்றுகூட உடையவில்லை. ஆனாலும் அந்த மனிதன் நம் கைக்குள் முழுமையாக வரவில்லை. உடைந்த கல்லில் மட்டும்தான் இடைவெளி இருக்கும் என்பதில்லை. மறுநாள் வகுப்பில் அம்மாணவியை எழுப்பி, 'நீ கேட்டது சரி; எனக்குத் தெரியாது' என்றேன். அதைச் சொல்ல எனக்கு இரவு முழுவதும் தேவைப்பட்டது.

தமிழர் அங்கே சென்றதற்குச் சான்றே இல்லையோ என்று நீங்கள் சோர்ந்துவிடலாகாது. உறுதியான சான்றுகள் உண்டு. அவை பானையோட்டில் இருக்கின்றன. செங்கடற்கரையில் குசைர் அல் காதிம் என்னுமிடத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்னும் பெயர்கள் கிடைத்தன. 1995இல் பெரெனிகேயில் ஓர் ஓட்டில் கொற்றபூமான் என்ற பெயர் கிடைத்தது. குசைரில் பின்னர் கிடைத்த மற்றோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதாக ஐராவதம் மகாதேவன் அவர்கள் 2007இல் படித்து அறிவித்தார்கள். தயிர்ப்பானையைத் தொங்கவிடும் உறியை நம் பாட்டிமார் சமையற்கட்டில் கண்டிருப்பீர்கள். கையிலுள்ள உண்மை இவ்வளவு இனிதாயிருக்க, கற்பனையை நாடி நான் ஏன் சென்றேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மறுதலையாக, யவனர் நம் நாட்டில் வைத்த காணிக்கைகளும் உண்டு. மத்தியப் பிரதேசத்து விதிஷாவுக்கு அருகே பெசுநகரில் ஒரு கற்றூண் நிற்கிறது. தட்சசீலத்து யவனனும், தியன் என்பவனின் மகனும், அந்தியால்கிடாஸ் என்னும் கிரேக்க அரசனின் தூதனுமாகிய ஹெலியோடோரஸ், வாசுதேவனுக்கு எடுத்த கருடத்தூண் அது. காலம் ஏறத்தாழக் கி.மு. 113. கிரேக்கன் எடுத்தான், எழுத்து பிராமி, மொழி பிராகிருதம். 1877இல் கன்னிங்காம் அதனைக் கண்டபோது, ஊரார் அதனைத் தெய்வமாக வணங்கிச் செந்தூரம் பூசிப் பூசி, எழுத்து இருப்பதே தெரியவில்லை. 1909இல்தான் செந்தூரத்தின் அடியில் எழுத்துகள் புலப்பட்டன. பக்தி எழுத்தை மறைத்தது; மறைத்ததாலேயே காத்தது என்றும் கொள்ளலாம். தூணின் உச்சியில் இருந்த கருடன் மட்டும் இன்று அங்கே இல்லை. அதுவும் ஒருவகையில் சிலையில்லாப் பீடமே.

நம் பக்கத்துக்கு வருவோம். கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்குச் சென்றிருப்பீர்கள். வெட்டுவான் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே மிகுதி. அதற்கு மேலே பாறையில் வரிசை வரிசையாகச் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வோர் உருவத்தின் கீழும் வட்டெழுத்தில் ஒன்றிரண்டு வரிகள் உண்டு. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள். 'இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி' என்பது அங்குள்ள வாய்பாடு. கிரேக்கப் பீடத்தின் வாய்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. தெய்வத்தின் முன்னே நிற்கும் மனிதனுக்குச் சொல்ல வேண்டிய செய்தி எங்கும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. கழுகுமலை எழுத்துகளில் குறத்தியர் என வழங்கிய சமணப் பெண்துறவியர் பலர் வருகின்றனர். கோட்டாற்றிலிருந்தும், இன்று சிதறால் என வழங்கும் திருச்சாரணத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே தங்கள் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்கள். மன்னர் பெயர்களை மனப்பாடம் செய்து அலுத்த மாணவர்களுக்கு இப்பெயர்ப் பட்டியல் ஒரு நல்ல மருந்து.

1886இல் ஹுல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றது முதல், இத்தகைய எழுத்துகளை மைப்படி எடுத்துப் பதிப்பிக்கும் பணி முறையாக நடந்து வந்திருக்கிறது. ஈரத்தாளைக் கல்லின்மீது விரித்துத் தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் படியச் செய்து, மையை ஒற்றியெடுத்தால், வெட்டிய எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் தாளில் இறங்கும். கல்லில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் மைப்படியில் தெரிவதுண்டு. திருப்பணி என்ற பெயரில் மணலை வீசியடித்துக் கற்சுவர்களைத் துப்புரவு செய்த இடங்களில், மைப்படி ஒன்றே எஞ்சிய சான்றாகிவிட்டதும் உண்டு. நம் நாட்டில் கேத்தாவின் பெயரைக் கொத்தியவர்கள் இல்லை. அழுக்கைப் போக்க வந்தவர்களே எழுத்தையும் போக்கிவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ கிரேக்க எழுத்துள்ள சிலைப்பீடம் ஒன்றேனும் கிடைத்திருக்கிறதா என்று கேட்கலாம். இதுவரை இல்லை. ஆனால் அது இருந்திருக்கக் கூடும் என்று எண்ணச் செய்யும் ஒரு சிறு படம் இருக்கிறது. வியன்னா நகரத்து நூலகத்தில், பழைய உரோம வழிப்படம் ஒன்றை இடைக்காலத்தில் பார்த்து எழுதிய நீண்ட தோற்சுருள் உள்ளது. பியூட்டிங்கர் படம் என்பது அதன் பெயர். அதில் இந்தியாவின் தென்கோடியில், முசிறி என்ற பெயருக்குப் பக்கத்தில், ஒரு சிறு கட்டடம் வரைந்து 'அகஸ்டஸ் கோயில்' என்று எழுதியிருக்கிறது. உரோமப் பேரரசனுக்கு நம் கடற்கரையில் கோயில்! உண்மையில் அப்படி ஒரு கோயில் இருந்திருந்தால், அங்கே ஒரு சிலை இருந்திருக்கும். சிலையின் கீழே ஒரு பீடம். பீடத்தில் சில வரிகள். எடுத்தவர்கள் எகிப்திலிருந்து வந்த வணிகர்களாயின், அவ்வரிகள் கிரேக்கத்திலேயே இருந்திருக்கும். ஏனெனில் அவர்கள் கணக்கும் கடன்பத்திரமும் எழுதிய மொழி அதுவே. முசிறிச் சரக்கைப் பற்றிய இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாளும் அம்மொழியில்தான் இருக்கிறது. அதே வியன்னாவில் இருக்கிறது. முசிறி எனப் பலர் கருதும் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் அகழ்ந்தபோது, மத்தியதரை நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கோயில் கிடைக்கவில்லை. பீடமும் கிடைக்கவில்லை. வரைந்தவன் பிழையாக வரைந்தானோ, பெரியாற்று வெள்ளம் கொண்டுபோயிற்றோ, யாரேனும் ஒருவர் வீட்டுக் கடைகாலில் எழுத்துள்ள பக்கம் உள்முகமாகக் கிடக்கிறதோ!

புளியறையில் நின்று இதனை எண்ணும்போது, தொலைவு குறைந்துபோகிறது. மலையின் இந்த அடிவாரத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கே இறங்கினால் மலைநாடு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை வட்டம் திருவிதாங்கூரோடு சேர்ந்தே இருந்தது. 1904இல் இருப்புப்பாதையும் இக்கணவாய் வழியேதான் சென்றது. உரோம ஆசிரியர் பிளினி, மேலைக்கடற்கரையின் பெக்கரே துறையிலிருந்து மிளகு ஏற்றப்பட்டதென்றும், அங்கே ஆட்சி செலுத்தியவன் மதுரையிலிருந்த பாண்டியன் என்றும் எழுதுகிறார். கருமிளகு உரோமில் இராத்தல் 4 தெனாரியம் விலை போயிற்று என்பதும் அவர் தரும் கணக்கே. மதுரையிலிருந்து மேலைக்கடலை ஆண்டவனின் ஆட்கள் ஏதோ ஒரு கணவாயைக் கடந்தாக வேண்டும். அது இந்தக் கணவாயே என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சதுர அடைப்புக்குள் இட்டுச் சொல்கிறேன், அடைப்பை எடுத்துவிடாதீர்கள்.

கடைசி வரிசையிலிருந்து கேள்வி கேட்ட அம்மாணவி பிற்காலத்தில் தானும் ஓர் ஆசிரியையானாள். சில ஆண்டுகளுக்கு முன் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கழுகுமலைக்கு அழைத்துச் சென்றுவிட்டு எனக்கு ஓர் அஞ்சலட்டை எழுதியிருந்தாள். ஓர் உருவத்தின் கீழே இருந்த வரியைப் பிள்ளைகளோடு எழுத்துக் கூட்டிப் படித்து, அதனைப் படியெடுத்து அனுப்பியிருந்தாள். ஊர்ப்பெயர் பாதி இருந்தது. 'செய்வித்த' என்பது தெளிவாக இருந்தது. இடையில், ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாறை பொரிந்துபோயிருந்தது போலும். அங்கே ஐந்து புள்ளிகள் இட்டு, அவற்றுள் ஒன்றின் மேல், 'இது ஒருவேளை ந' என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்.